ஆலப்புழை போகும் முன்

அன்பு மகளுக்கு,

மாமனார், மாமியாரோடு ஜனவரி கடைசியில் ஆலப்புழை போவதாகச் சொன்னாய். நல்ல மாதம், நெல் பச்சையாக நிற்கும். ஆனால் ஹவுஸ்போட்டோடு பயணத்தை முடித்துவிடாதே, கண்ணு. அது அகலமான காயலில், அதாவது உப்பங்கழியில்தான் போகும், குறுகிய கால்வாய்களுக்குள் நுழையாது. ஆலப்புழையைச் சுற்றிய தாழ்நில நெல்வயல் பகுதியான குட்டநாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

முதல் நாள் காலை கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய படகுத்துறையில், மாநில நீர்ப்போக்குவரத்துத் துறைப் படகில் நெடுமுடிக்கு டிக்கெட் எடு. பள்ளி, அலுவலக நேரம் கழிந்து ஏறினால் பெரியவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். நெடுமுடி சங்கனாச்சேரி சாலையிலேயே இருப்பதால் திரும்ப பஸ்ஸில் வந்துவிடலாம். ஊருக்குள் இருக்கும் வாடைக்கால்வாயையும் கமர்ஷியல் கால்வாயையும் சாயங்காலம் நடந்தே பார். 18ஆம் நூற்றாண்டில் திருவாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் துறைமுகச் சரக்குக்காக வெட்டியவை அவை.

படகில் போகும்போது வரப்புக்கு அந்தப் பக்கம் பார். நீ மிதக்கும் தண்ணீர் உயரத்தில், வயல் பள்ளத்தில். சில வயல்கள் கடல்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே கிடக்கின்றன. காயலுக்குள் தென்னங்கம்புகளை இரண்டு வரிசையாக அடித்து, மூங்கில் தட்டி கட்டி, நடுவே மணலும் களிமண்ணும் கொட்டி வரப்பு எழுப்பி, உள்ளே நின்ற நீரை இறைத்து எடுத்த நிலம். 1940களில் முரிக்கன் என்ற விவசாயி மீட்ட சித்திரைக் காயல், மார்த்தாண்டம் காயல் என்ற வயல்கள் இப்படி வந்தவைதான். வரப்போரக் கொட்டகையில் நீர் இறைக்கும் 'பெட்டியும் பறையும்' இருக்கும், தவறவிடாதே. மோட்டார் பெல்ட் ஓடினால், நட்டு நிற்கும் மர உருளையான பறைக்குள் விசிறி சுழன்று வயல் நீரை மேலே தூக்கும். படுத்திருக்கும் மரப்பெட்டி வழியாக அது வெளியே கொட்டும். விதைத்த பிறகும் கசிவு நீர் ஏறினால் இதை ஓட்டியாக வேண்டும். நீர் தேங்கி நின்றால் பயிர் அழுகிவிடும்.

நீ போகும் ஜனவரியில், வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே உள்ள தண்ணீர்முக்கம் தடுப்பணை மூடியிருக்கும். ஆற்று வரத்து குறைந்ததும் கொச்சி முகத்துவாரத்திலிருந்து உப்புநீர் ஏறி நெல்லைக் கெடுக்கும் என்பதால் ஷட்டரை இறக்குகிறார்கள். அதனால் அணைக்குத் தெற்கே, நீ போகும் பக்கம், ஓட்டமில்லாமல் தண்ணீர் தேங்கும். ஆகாயத்தாமரை அடைத்துப் படகின் புரொப்பெல்லரில் சிக்கும், கழிவும் அதிலேயே நிற்கும். அந்தத் தண்ணீரில் குளிக்கவோ வாய் கொப்பளிக்கவோ வேண்டாம்.

ஹவுஸ்போட் பகல் 12 மணிக்கு ஏற்றி மறுநாள் 9 மணிக்கு இறக்கிவிடும். மாலை 5.30க்குக் கரையில் கட்டிவிடுவார்கள். அதற்குமேல் மீனவர்கள் வலை போடும் நேரம். சாதாரணப் படகுகளில் ஏ.சி. பெரும்பாலும் இரவு மட்டும்தான், முன்பணம் கட்டும் முன் கேட்டுக்கொள். பதிவு எண்ணைப் பார், லைஃப் ஜாக்கெட்டை ஆளுக்கொன்று எண்ணு. அனுமதித்த அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் ஏறவே ஏறாதே. கவிஞர் குமாரன் ஆசானை 1924இல் பல்லனை ஆற்றில் கொண்டுபோனதும், 2023இல் தானூரில் 22 உயிர் போனதும் அளவுக்கு மீறி ஆளேற்றிய படகுகள்தான்.

மாமியாருக்கு முழங்கால் வலி என்றால் கீழ்த்தள அறை கேள். கரையிலிருந்து படகுக்குப் போடும் பலகை குறுகலாக இருக்கும், கையைப் பிடித்து ஏற்று. கொசுவிரட்டியும் எடுத்து வை.

அன்புடன்,
அப்பா