இரையைக் கடையில் வாங்காதே, செல்வம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் மனம் லேசாயிற்று. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல்.

பிள்ளைகளின் அக்டோபர் விடுமுறைக்கு அட்லாண்டாவிலிருந்து செயின்ட் அகஸ்டின் பக்கம் கிரசென்ட் பீச்சில் வீடு பிடித்திருக்கிறாய். ஃபுளோரிடாவின் வடகிழக்குக் கரையில் தூண்டில் போட அருமையான நேரம் அது. மடவைக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் தெற்கே இறங்கும். தண்ணீரும் இன்னும் குளிர்ந்திருக்காது, அதனால் மணலுக்குள் நண்டும் இருக்கும்.

எந்த இறால் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். வாங்கவே வேண்டாம். உறையவைத்த இறால் இளகினால் தூண்டில் முள்ளில் நிற்காது. வீசும் வேகத்தில் பாதி கழன்று போகும், மிஞ்சியதைப் பொடிமீன்கள் கொறித்துவிடும். அந்தக் கரைக்கு மீன் எதைத் தின்ன வருகிறதோ, அதையே பிடித்து உயிரோடு முள்ளில் கோக்க வேண்டும். பிடிப்பது சுலபம்தான். பிடித்ததை நாலு மணி நேரம் சாகாமல் வைத்திருப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அதனால் அதைப் பற்றி நிறையவே எழுதப் போகிறேன்.

முதலில் உரிமம். ஃபுளோரிடாவில் குடியிருப்பவர்களுக்குக் கரையிலிருந்து மீன் பிடிக்கும் உரிமம் இலவசம். வெளி மாநிலத்தவனான உனக்கு அது கிடையாது. 3 நாளுக்கு 17 டாலர், 7 நாளுக்கு 30 டாலர். 16 வயது ஆகாத பிள்ளைகளுக்குத் தேவையில்லை.

இனி நண்டு. அந்த ஊர்க்காரர்கள் சேண்ட் ஃப்ளீ என்பார்கள், கடையிலும் அப்படித்தான் கேட்க வேண்டும். எமெரிட்டா டால்பாய்டா என்ற இனம். இதன் உறவான எமெரிட்டா ஏஷியாட்டிகா நம் சென்னைக் கடற்கரை மணலிலும் வாழ்கிறது. சாம்பல் நிறம், புறா முட்டையை நினைவூட்டும் உருவம், கொடுக்கு கிடையாது. பிள்ளைகள் தயங்காமல் கையில் எடுக்கலாம். அலை ஏறி இறங்கும் சரிவில், கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக மணலுக்குள் புதைந்துகொள்ளும். அலை திரும்பும்போது இறகு போன்ற உணர்கொம்புகளை நீட்டி, ஓடும் நீரில் வருவதை வடித்துத் தின்னும். அந்தக் கொம்புகள் நீரைக் கிழிப்பதால் மணல்மேல் சின்னச் சின்ன ‘வி’ வடிவக் கோடுகள் தெரியும். நீ தேட வேண்டியது அதைத்தான்.

கண்ட இடத்தில் தோண்டாதே. இவை திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். ஒரு திட்டில் வாளி நிறையக் கிடைக்கும், ஐம்பதடி தள்ளி ஒன்றுகூட இருக்காது. அலை ஏறும் கோட்டை ஒட்டி மெதுவாக நட. ஒவ்வொரு அலையும் வடியும் அந்த இரண்டு மூன்று வினாடிகள் மணலை உற்றுப் பார். கோடுகள் தெரிந்தால் உடனே இரண்டு கையாலும் ஒரு சாண் ஆழத்துக்குள் அள்ளு. தாமதித்தால் அடுத்த அலையோடு இடம் மாறிவிடும். ஓதம், அதாவது கடல்மட்டம், ஏற ஏறக் கூட்டமும் மேலே ஏறும், வற்றினால் கீழே இறங்கும். காலையில் பார்த்த இடத்தில் மாலையில் தேடுவது வீண்.

கம்பிக்கூடை வைத்த வாரி (ரேக்), தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கூடையின் வாய் கரையைப் பார்க்க, அலை இறங்கும் பாதையில் மணலில் அழுத்திப் பிடி. மேட்டுப் பக்கத்து மணலைக் காலால் கிளறிவிடு. திரும்பும் தண்ணீரே நண்டுகளைக் கூடைக்குள் உருட்டிக்கொண்டு வரும், மணல் கூடையின் கண்கள் வழியாக வெளியேறிவிடும். வாயைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்தால் சிப்பி ஓடுதான் மிஞ்சும். பிள்ளைகளுக்குச் சமையலறை வடிகூடை ஒன்று போதும்.

கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியவற்றை மட்டும் எடு. வயிற்றடியில் ஆரஞ்சு நிற முட்டைக்கொத்து உள்ள பெண் நண்டும், அப்போதுதான் தோல் உரித்த மெத்தென்ற நண்டும், இந்த இரையைத் தேடிக் கரைக்கு வரும் பாம்பனோ மீனுக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டு தூண்டிலுக்கு ஒரு காலைப் பொழுதுக்கு மூன்று டஜன் தாராளம்.

இப்போது முக்கியமான விஷயம். பிடித்த நண்டைத் தண்ணீர் நிறைந்த வாளியில் போடாதே. அலை ஓயாமல் புரளும் இடத்து நீரில் காற்று நிறைந்திருக்கும், இவை அதற்குப் பழகியவை. தேங்கிய நீரில் பிராணவாயு சீக்கிரம் தீர்ந்துபோகும், கழிவும் சேரும். கொஞ்ச நேரத்திலேயே சாகத் தொடங்கும். வாளியின் அடியில் ஆறேழு துளை போட்டு, இரண்டு அங்குலத்துக்கு ஈர மணல் பரப்பி, நண்டுகளை விட்டு, கடல்நீரில் நனைத்த துணியால் மூடி நிழலில் வை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கடல்நீர் ஊற்றினால் கழிவு துளை வழியே வெளியேறும். செத்ததை உடனே பொறுக்கி எறி. ஒன்று அழுகினால் மற்றதும் கெடும்.

மறுநாளுக்கும் வேண்டுமென்றால் ஐஸ் பெட்டி. ஐஸ்மேல் நாலைந்து மடிப்புச் செய்தித்தாள், அதன்மேல் ஈரத்துணியில் சுற்றிய நண்டு. உருகிய ஐஸ்தண்ணீர் நண்டின்மேல் படவே கூடாது, நல்ல தண்ணீர் அவற்றைக் கொன்றுவிடும். அதையும் தாண்டி மிஞ்சினால், கொதிநீரில் சில வினாடி முக்கி எடுத்து, ஈரம் துடைத்து உறையவை. கொதிநீரில் காட்டாமல் உறையவைத்தால் இளகும்போது உள்ளே கூழாகி முள்ளில் நிற்காது.

கோக்கும்போது முள்ளை அடிவயிற்றின் வால்பக்கத்தில் குத்தி, நுனி முதுகோட்டைத் துளைத்து வெளியே தெரியும்படி விடு. ஓரத்தில் குத்தினால் வீச்சில் கிழிந்துவிடும். 1 அல்லது 1/0 அளவு வட்டமுள் (நுனி உள்பக்கமாக வளைந்த முள்), 20 பவுண்டு தாங்கும் தங்கூசி நரம்பில் முள் கட்ட இரண்டு கண்ணி, நுனியில் 3 அவுன்ஸ் பிரமிடு வடிவ ஈயக்குண்டு. நீரோட்டம் ஈயத்தை இழுத்தால் 4 அவுன்ஸ் கட்டு. வெகுதூரம் எறிவதில் அர்த்தமில்லை. முதல் மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில்தான் பாம்பனோ மேய வரும். நம்ம ஊர்ப் பாறை மீன் குடும்பம்தான், ருசியும் உனக்குத் தெரிந்ததே. வால் கவட்டை வரை அளந்து 11 அங்குலமாவது இருக்க வேண்டும், ஆளுக்கு நாளைக்கு 6 மீன்.

அதே சரிவில் விரல் நகம் அளவு வண்ண வண்ண மட்டிகள் அலையோடு புரண்டு மறுபடி புதைவதைப் பார்ப்பாய். கொக்கினா என்பார்கள். பாம்பனோ இவற்றை ஓட்டோடு நொறுக்கித் தின்னும். அதனால் மட்டி நிறைந்த இடத்துக்கு எதிரே தூண்டில் போடுவது நல்லது. முள்ளில் கோக்கச் சிறியவை, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. செயின்ட் அகஸ்டினில் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போக வேண்டிய ஸ்பானியக் கோட்டை, 1672இல் கட்டத் தொடங்கியது, இந்த மட்டி ஓடுகள் இறுகி உண்டான கல்லால் எழுந்ததுதான்.

பெரிய மீன் வேண்டுமென்றால் மடவைக் குஞ்சு. 6 அடி ஆரமுள்ள வீச்சுவலை உனக்குப் போதும். சட்டப்படி 14 அடி வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அலையில் நின்று அவ்வளவு பெரிய வலையை விரிக்கப் பல வருடப் பழக்கம் வேண்டும். கண் 3/8 அங்குலம். அதைவிடப் பெரிய கண் என்றால் குஞ்சுகள் செவுளில் மாட்டிச் சாகும், எடுக்கவும் அரைமணி ஆகும். வலையின் ஆரத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பவுண்டு ஈயமாவது இருக்கட்டும். லேசான வலை அடி தொடுவதற்குள் மடவை தப்பிவிடும்.

காலை வெயில் சாய்வாக விழும்போது, அலைகளுக்கு நடுவே நீர் படபடவென்று நடுங்குவதைப் பார். கூட்டம் அங்கே இருக்கிறது. உன் நிழல் அதன்மேல் விழாமல் நில். கூட்டத்தின் மேலேயே எறியாதே, அது போகும் திசையில் நாலைந்து அடி முன்னால் எறி. அலை உடையும் கணத்தில் வீசினால் நுரை வலையைச் சுருட்டிவிடும், ஒரு அலை கடந்ததும் வீசு. தெற்கே வாஷிங்டன் ஓக்ஸ் பூங்கா பக்கம் மட்டும் வலையைத் தொடாதே, கரை முழுக்கக் கொக்கினாப் பாறை, முதல் வீச்சிலேயே கிழியும். தண்ணீரில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நட. மணலில் திருக்கை படுத்திருக்கும்.

மடவைக்குத் தண்ணீர் வேண்டும், நண்டுக்கு நேர்மாறு. 5 கேலன் வாளிக்குப் பத்துப் பன்னிரண்டு குஞ்சுக்குமேல் போடாதே. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் கட்டாயம். நுரை தென்பட்டால் கழிவு ஏறிவிட்டது என்று பொருள், பாதி நீரை மாற்று. குளிரவைக்க ஐஸை நேராகப் போடாதே, குழாய்த் தண்ணீரின் குளோரின் போதும் எல்லாவற்றையும் கொல்ல. உறையவைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்க விடு. வெயிலுக்குக் கிரீம் பூசிய கையோடும் வாளிக்குள் கை விடாதே. ஒரு நாளைக்கு ஆளுக்கு 50 மடவைதான் அனுமதி, உனக்கு அதில் பாதிகூட வேண்டியிருக்காது.

இரண்டு உதட்டையும் சேர்த்து அடியிலிருந்து மேலாக 5/0 வட்டமுள்ளைக் குத்து. நம்ம கத்தாளை மீன் குடும்பத்தைச் சேர்ந்த ரெட் டிரம் மீன் இதற்கு வரும். 18 முதல் 27 அங்குலம் வரைதான் வைத்துக்கொள்ளலாம். கடித்ததும் வெடுக்கென்று இழுக்காதே, கழியைப் பிடித்தபடி உருளையைச் சீராகச் சுற்று. வட்டமுள் தானாகவே வாயோரத்தில் மாட்டும், வெடுக்கென்று இழுத்தால் கழன்றுவிடும்.

அக்டோபர் முடியும் வரை அங்கே ஆமை முட்டைக் காலம். குச்சி நட்டு நாடா கட்டிய இடங்களுக்குள் போகாதே, இருட்டில் வெள்ளை டார்ச் அடிக்காதே, நண்டுக்குத் தோண்டிய குழிகளை மூடிவிட்டு வா. குஞ்சு ஆமைகள் குழியில் விழுந்தால் ஏற முடியாது. மிஞ்சிய இரையை அதே கரையில் விட்டுவிடு. அட்லாண்டா ஏரிக்குக் கொண்டுபோகாதே.

வீடு திரும்பியதும் வலையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடு. வெயிலில் விட்டால் இழை சீக்கிரம் இற்றுவிடும். எந்தத் தேதியில் போய்ச் சேருகிறாய் என்று எழுது, அந்த வாரத்து ஓத நேரங்களைக் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
கதிர்