ஊருணிக்கு வராத தண்ணீர்

அன்புள்ள மாப்ள,

பேத்தி காதுகுத்துக்கு வராததற்கு முதலில் மன்னிப்பு. பத்திரிகையும் வந்தது, வாட்ஸ்அப்பில் நீ மூன்று தடவை அனுப்பியதும் வந்தது. ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "இன்னொரு கால் வருதுடா" என்று வைத்துவிடுவாய். காகிதம் என்றால் படித்துத்தானே ஆக வேண்டும்?

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி, வழக்கம்போல் எண்ணெய் மேல் எண்ணெய். 2023-ல் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து உன் அத்தை அதைத் தங்கம் மாதிரி நிறுக்கிறார். ஒரு வத்தல் கூடுதலாக விழுந்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறார். சைக்கிள்கடைக்காரர் உன் இரண்டு ரூபாயை இன்னும் மறக்கவில்லை. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஐப்பசியில் மழை லீவு விட்ட இரண்டு நாளும் நம்ம ஊரில் சுள்ளென்று வெயில். மூன்றாம் நாள் எட்டாம் வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு பயல், "சார், டிவில பெய்யுற மழை நமக்கு ஏன் பெய்யல?" என்றான். புத்தகத்தில் பருவநிலை மாற்றம் இருக்கிறது, நானும் வருஷா வருஷம் ஒப்பிக்கிறேன். அன்றைக்கு என்னவோ, "நாமே அளந்து பார்ப்போம்டா" என்று சொல்லிவிட்டேன். அதில் மாட்டியவன்தான்.

இரண்டு லிட்டர் சோடா பாட்டிலின் கழுத்தை வெட்டி, அதையே புனல் மாதிரி கவிழ்த்து வைத்தோம். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்குமல்லவா, அதில் கூழாங்கல் போட்டு, மட்டமாகும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் வருகிற மாதிரி ஸ்கேலை ஒட்டினோம். மொட்டை மாடியில் நாலு செங்கலுக்கு நடுவே வைத்தாயிற்று. தினமும் காலை எட்டரைக்கு இரண்டு பேர் ஏறிப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒரு நாள் 140 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது. வானத்தில் மேகமே இல்லை. லீவு கிடைக்கும் என்று ஒருத்தன் சொம்பில் மொண்டு ஊற்றியிருக்கிறான்! நம்ம காலத்தில் நீ பள்ளிக்கூட மணியின் நாக்கைக் கழற்றி ஒளித்து வைத்தாயே, அந்த வம்சம்.

மார்கழி முடிய எழுதினார்கள். மாப்ள, நான் வாத்தியாராகி இத்தனை வருஷத்தில் அந்த நோட்டு மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. பக்கம் பக்கமாகப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். மொத்த மழையில் பாதிக்கு மேல் நாலே நாளில் கொட்டியிருக்கிறது. ஒரு வருஷத்தை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்று நானே பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, ஞாபகம் இருக்கிறதா? "ஊர்ல எல்லாரும் இருக்கீங்களாடா" என்று பதறிப் போன் செய்தாயே, அந்த மழைதான். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கச் சராசரியாகக் கிடைப்பதே சுமார் 82 சென்டிமீட்டர்தான். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய ஏழு சதவீதம் ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறக்கும்போது மொத்தமாக இறக்கிவிடும். இனிமேல் பெய்கிற நாளில் பிடித்து வைத்தவனுக்குத்தான் தண்ணீர். இதை நான் சொல்லவில்லை. கரிமூட்டம் போடுகிறவர் மகள் ஒருத்தி இருக்கிறாள், அவள் சொன்னது. அடுத்த கேள்வியும் அவளுடையதுதான்: "நாலு நாள் அம்புட்டு மழை பெஞ்சுச்சுல்ல சார், ஊருணியில ஏன் முழங்கால் அளவுக்கு மேல ஏறல?"

நம்ம ஊருணியில் செருப்புக் காலோடு இறங்கினதற்கு உன் தாத்தா நம் இரண்டு பேரையும் வேப்பங்குச்சியால் விளாசியதை நினைத்துக்கொண்டேன். கலங்கலாக இருந்தால் அப்பத்தா பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசி ஊற்றி வைப்பார், காலையில் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். இப்போது திருச்சிப் பக்கத்துக் காவிரி குழாயில் வர வேண்டியிருக்கிறது. அது வராத நாளில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ரோட்டில் போகிறார்கள்.

டீக்கடையில் கேட்டால் எல்லாரும் சீமைக்கருவையைத்தான் கை காட்டினார்கள். அதையெல்லாம் வெட்டிவிட்டால் அந்த விறகில் கரிமூட்டம் போடுகிறவர்கள் எதைத் தின்பார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள், கடையில் சத்தமில்லை. தூர் சேர்ந்துவிட்டது என்றார்கள். நூறு நாள் வேலையில் இரண்டு தடவை தோண்டியாயிற்றே? அப்புறம் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலைப் பிடித்து நடப்போம் என்று முடிவு செய்தோம்.

கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூபை இரவல் வாங்கினோம். முப்பதடி டியூப், உள்ளே தண்ணீர். இந்த முனையில் ஒருத்தன், அந்த முனையில் ஒருத்தி. இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்; தரையிலிருந்து அது எவ்வளவு உயரம் என்று இரண்டு முனையிலும் அளந்தால் சரிவு தெரிந்துவிடும். மேட்டுக்காட்டில் தொடங்கி முப்பதடி முப்பதடியாக வந்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு விரக்கடை (விரல் அகலம்), அரை விரக்கடை இறக்கம். வாய்க்கால் இருந்த தடமே கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் சரிவு அப்படியே இருக்கிறது. பழைய கிராம வரைபடத்திலும் அதே இடத்தில் இரட்டைக்கோடு. கோடு புளியமரத்துக்கு வந்தது. அங்கே ஒரு காம்பவுண்டுச் சுவர்.

யாருடைய சுவர் என்று நான் எழுத வேண்டியதில்லை.

நீ அஸ்திவாரம் போட்ட அன்று நானும் நின்றேனடா. அளக்க வந்தவர், "இது செத்த வாய்க்கால், தண்ணி வந்து இருபது வருஷம் ஆச்சு" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நானும் தலையாட்டினேன். சாயங்காலம் பிரியாணி சாப்பிட்டோம். அதனால் இதில் உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. அறிவியல் வாத்தியார், ஒரு டியூபைப் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"இது யாரு இடம் சார்?" என்று கரிமூட்டக்காரர் மகள் கேட்டாள். வெளியூர்க்காரர் என்று சொன்னேன். பின்னால் நின்ற ஒரு பொடியன், "எங்க தாத்தா சொல்லுச்சு, சாரோட ஃபிரண்டு இடமாம்ல" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் பாட்டுக்கு டியூபைச் சுருட்டினார்கள். அதுதான் காதுகுத்துக்கு முந்தின நாள். இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு உன் வீட்டு இலையில் எப்படி உட்காருவது, சொல்.

சுவரை இடிக்கச் சொல்லவில்லை. வாய்க்கால் நுழைகிற இடத்திலும் வெளியேறுகிற இடத்திலும் மூன்றடிக்குத் திறப்பு, நடுவே பழைய தடத்தில் ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும். கொத்தனார் கூலி மட்டும் கேட்கிறார். பிள்ளைகள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள்: உன் 20 சென்ட்டில் மட்டும் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 80,000 லிட்டர். நீ சென்னையில் காசு கொடுத்து வாங்குகிற 12,000 லிட்டர் லாரியில் ஆறு லோடுக்கு மேல். மேட்டுக்காட்டுத் தண்ணீர் தனி. இதையெல்லாம் எழுதிக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். வரைபடத்தில் சுவர் வரும் இடத்தில் பெயர் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். "போட மாட்டோம் சார், ஆனா சுவர் இருக்குன்னு போட்டுத்தான ஆகணும்" என்கிறாள்.

ஐப்பசி பிறக்க இன்னும் பதினேழு நாள். கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை, உன் வாய்வார்த்தைக்காக நிற்கிறது. போனில் சொல்லாதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ. டியூபின் ஒரு முனையை நீயே பிடித்துப் பார். கோபம் இருந்தால் என்னிடம் காட்டு, பிள்ளைகளிடம் வேண்டாம்.

வரும்போது சைக்கிள்கடைக்காரருக்கு அந்த இரண்டு ரூபாய்.

இப்படிக்கு,
உன் மாப்ள