அக்காவுக்கு, புதிய மருந்தைத் தொடங்கும் முன்

அன்புள்ள அக்கா,

கதிர்வீச்சுச் சிகிச்சையால் உன் மூளையில் வந்த புண்ணின் வீக்கத்தைக் குறைக்கும் பெவாசிசுமாப் ஊசியைப் போட்டுக்கொள்ள நீ சம்மதித்துவிட்டதாக அத்தான் நேற்றிரவு சொன்னார். நேரில் பேசினால் நம்மில் ஒருவர் எழுந்து போய்விடுவோம் என்பதால் எழுதுகிறேன். இங்கே படிப்பவர்களில், உன்னைப் போல் கோர்டோமா என்னும் அரிய எலும்புப் புற்று வந்தவர்களின் வீட்டாரும் உண்டு என்பதால் பொதுவில் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரோ, உன் வேலையில் நடந்ததோ இதில் வராது.

பொங்கலன்று எல்லோர் முன்னாலும், இந்தப் புண்ணைப் பற்றி "யாருமே எனக்கு எச்சரிக்கவில்லை" என்றாய். எச்சரித்தார்கள், அக்கா.

புரோட்டான் கதிர்வீச்சுத் திட்டத்துக்காக, தலை அசையாமல் பிடிக்கும் வலை மாஸ்க் மாட்டி மறுபடியும் சி.டி. ஸ்கேன் எடுத்த நாள் அது. அதன் வலைத் தடம் உன் கன்னத்தில் கட்டம் கட்டமாகப் பதிந்திருக்க, அதைத் தேய்த்துக்கொண்டே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். மண்டையோட்டின் அடியில் இருந்த கட்டியை, கதிர்வீச்சு அதிகம் விழும் இடத்தைக் காட்டும் சிவப்பு நிறம் மூடியிருந்தது. அதன் ஓரம் இருபுறமும் டெம்போரல் லோபின், அதாவது காதுப் பக்கத்து மூளைப் பகுதியின், உள்விளிம்பைத் தொட்டது. கோர்டோமா அடங்க 70 கிரேக்கு (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் தேவை, மூளைத்தண்டையும் பார்வை நரம்பையும் காப்பதே முதல் வேலை, ஆகவே இந்த விளிம்பில் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ திசு அழுகல் வரலாம் என்று சிகிச்சைத் திட்டம் போட்ட இயற்பியலாளர் பேனா முனையால் காட்டிச் சொன்னார். "அந்த இடத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டாய். ஞாபகமும் பேச்சும் என்றார். "இவன் எனக்குத் தர வேண்டிய பணம் ஞாபகம் இருந்தால் போதும்" என்று என்னைக் காட்டிச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாய்.

இதை நீ மறந்துவிட்டாயா, மறுக்கிறாயா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. புண்பட்டிருப்பது இடது டெம்போரல் லோப். சமையலறையில் சல்லடை கையில் இருக்க, அதன் பெயர் வராமல் நீ கண் கலங்கி நின்றதைப் பார்த்தவன் நான்; உன்னோடு வாதாடி ஜெயிப்பதில் எனக்கு என்ன பெருமை? ஆனால் என்னைக் குற்றவாளியாக்க மட்டும் உனக்குச் சொற்கள் தட்டுவதே இல்லை.

புரோட்டான் கட்டியோடு நின்றுவிடும், அதைத் தாண்டிப் போகாது என்று காகிதத்தில் வரைந்து காட்டிய உற்சாகத்துக்காக மன்னிப்புக் கேட்கிறேன். புரோட்டானைத் தேர்ந்ததற்காகக் கேட்க மாட்டேன். அது நிற்பது உண்மை. நிற்கும் இடத்தில்தான் அதன் கடியும் அதிகம். எக்ஸ்ரேயைவிட 1.1 மடங்கு விளைவு என்று பாதை முழுவதற்கும் ஒரே கணக்கு வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். கடைசிச் சில மில்லிமீட்டரில் உண்மையான விளைவு அதைவிடக் கூடுகிறது. எக்ஸ்ரே கொடுத்திருந்தாலும் இந்த விளிம்பு தப்பியிருக்காது; மூக்கின் பின்புறத் தொண்டைப் புற்றுக்கு எக்ஸ்ரே பெற்றவர்களிடம் இதே புண்ணைப் பல காலமாகப் பார்த்திருக்கிறார்கள். அதோடு மூளையின் மற்ற பகுதிகளும் தேவையில்லாத கதிர்வீச்சில் நனைந்திருக்கும். இதையெல்லாம் உனக்காகச் சொல்கிறேனா, அத்தானின் வீட்டார் படிப்பார்கள் என்று சொல்கிறேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

மருந்தைப் பற்றி: கதிர்பட்ட நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிவதால்தான் வீக்கம், அந்தக் கசிவைத் தூண்டும் புரதத்தை இது பிடித்து வைக்கிறது. 2011-இல் வெளியான ஆய்வு 14 பேரை மட்டுமே கொண்டது என்றாலும், மருந்து பெற்றவர்களுக்கு ஸ்கேனில் வீக்கம் வற்றியது. செத்துப்போன திசுவை இது மீட்டுத் தராது. வீக்கத்துக்குத் தரும் ஸ்டீராய்டைக் குறைக்க முடிந்தால், அதனால் உப்பிப்போன உன் முகம் உனக்குத் திரும்பக் கிடைக்கும். அதுவே எனக்குப் பெரிது.

ரத்த அழுத்தம் ஏறக்கூடும், ரத்தம் கசியவோ உறையவோ கூடும். தினமும் அழுத்தத்தைப் பார்த்து எழுதி வை. மூக்கில் ரத்தம் வந்தாலோ கால் வீங்கினாலோ அன்றே மருத்துவரிடம் சொல். ஸ்டீராய்டு எடுத்த நாட்களில் சர்க்கரை அளவை எங்களிடமிருந்து ஒளித்தாயே, அந்த வேலை இதில் வேண்டாம். முதல் ஊசிக்கு நான் வருவேன். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் அத்தானிடம் சொல்லி அனுப்பு, வாசலோடு நின்றுகொள்கிறேன்.

தம்பி