காந்தாரத்துக்குச் சிவப்பு போடாதீர்கள்: இசைப் பயிற்சிச் செயலி செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

இசைப் பயிற்சிச் செயலியை வடிவமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் செயலியில் கர்நாடக இசைப் பகுதி வந்ததிலிருந்து என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பலர் வீட்டில் அதை வைத்துத்தான் சாதகம் செய்கிறார்கள். எந்தத் திரையில் என்ன வரும் என்று உங்களுக்கே நான் விளக்கத் தேவையில்லை. சரியென்றால் பச்சையும் தப்பென்றால் சிவப்பும் காட்டி மதிப்பெண் போடும் உங்கள் செயலி, அசைத்து வாசிக்கவேண்டிய ஸ்வரத்துக்கும் சிவப்பு போடுகிறது. இந்தக் குறையைக் கருத்துப் பெட்டியில் ஏற்கெனவே எழுதினேன். நன்றி தெரிவித்து ஒரு தானியங்கிப் பதில் வந்தது. அதன்பின் பதிப்பு மாறியது, குறை அப்படியே இருக்கிறது. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என்னிடம் தோடி ராகத்தில் வர்ணம் என்ற பயிற்சி உருப்படியை வாசிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்குக் காந்தாரம், அதாவது ஸரிகமவில் வரும் 'க', பிடிபட வெகுநாள் ஆயிற்று. தோடியில் அந்த ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காது என்பது உங்களில் இசை தெரிந்தவர்களுக்குத் தெரியும். விரல் ரிஷபத்தின் (ரி) பக்கத்திலிருந்து எழும்பி மத்யமத்தை (ம) தொட்டுத் தொட்டு வரவேண்டும். அந்த அசைவு எவ்வளவு, எந்த வேகத்தில், எங்கே சற்றுத் தணியவேண்டும் என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்கமுடியும். அவள் பிடித்துவிட்டாள். ஒருநாள் வகுப்பில் வாசித்தபோது நானே வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்.

சென்ற வாரம் அதே வர்ணத்தை வாசித்தாள். காந்தாரம் அசையவே இல்லை. விரலை ஓரிடத்தில் ஊன்றி, நேராக ஒரு கோடு மாதிரி இழுத்தாள். ஏன் என்று கேட்டேன். "அசைச்சா செவப்பா வருது டீச்சர். இப்படி வாசிச்சாத்தான் பச்சை" என்றாள். மாலையில் அழைத்துப்போக வந்த அம்மா, போனை என்னிடம் நீட்டி, முன்பு வாங்கிய மதிப்பெண்ணையும் இப்போது வாங்கிய மதிப்பெண்ணையும் காட்டினார். "இப்பத்தான் நல்லா வாசிக்கிறா போல" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. சந்தா கட்டுகிறார், திரையில் எண் ஏறுகிறது, நம்புகிறார். என் கோபமெல்லாம் அந்த எண்ணைப் போட்டவர்கள் மீதுதான். ஒரு குழந்தை மாதக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்ததைச் சில நாட்களில் அவள் கையாலேயே அழிக்கவைத்திருக்கிறீர்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் இந்த அசைவைக் கேட்கும் திறமை உங்கள் செயலிக்கு வரும்வரை, கமகம் உள்ள இடங்களில் மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள்.

உங்கள் கணக்கு எப்படி ஓடுகிறது என்று ஊகிக்க முடிகிறது. ஒரு ஸ்தாயியை, அதாவது கீழ் 'ஸ'விலிருந்து மேல் 'ஸ' வரையுள்ள தூரத்தை, 12 சம பாகமாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் 100 சென்ட் (சுருதித் தூரத்தை அளக்கும் அலகு) என்று வைத்திருக்கிறீர்கள். ஒலிவாங்கி பிடித்த சுருதி அந்தக் கோட்டின் மேல் இருந்தால் பச்சை, விலகினால் மஞ்சள், மேலும் விலகினால் சிவப்பு. பியானோவுக்கும் கீபோர்டுக்கும் இது சரி, அவற்றில் ஸ்வரம் கட்டைக்குள்ளேயே பூட்டியிருக்கிறது. எங்கள் வயலினில் கோடும் இல்லை, கட்டையும் இல்லை. தோடிக் காந்தாரத்தை அளந்து பார்த்தால், 300 சென்ட் என்று நீங்கள் போட்டிருக்கும் கோட்டை அது கடந்துபோகுமே தவிர அங்கே உட்காராது. சரியாக வாசிப்பவருக்கு உங்களிடம் சிவப்பு நிச்சயம்.

கமகம் பெரிய பிள்ளைகளுக்குத்தானே, ஆரம்பப் பாடத்தில் தொல்லை இல்லையே என்று நினைக்கலாம். முதல் பாடமான சரளி வரிசையிலிருந்தே தொல்லை இருக்கிறது. அதை வாசிக்கும் மாயாமாளவகௌளை ராகத்தில் வருவது அந்தர காந்தாரம், தோடியில் வருவதைவிட உயர்ந்த 'க'. நன்றாகச் சேர்த்த தம்புராவில் ஷட்ஜத் (ஸ) தந்தியை மீட்டினால் அந்தக் காந்தாரம் தானாகவே காதில் விழும். அதனோடு இழைந்து நிற்கும் இடம் ஏறத்தாழ 386 சென்ட், உங்கள் கோடு 400. தம்புராவைக் கேட்டு அதோடு ஒட்டி வாசிக்கும் குழந்தைக்கு "சற்றே இறக்கம்" என்று மஞ்சள் காட்டுகிறீர்கள். காதை நம்பியவள் தோற்கிறாள், கண்ணை நம்பியவள் ஜெயிக்கிறாள். இசை கற்கும் முதல் மாதத்திலேயே இந்தப் பழக்கம் வேண்டுமா?

தாளமும் இதே கதைதான். மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில் வாசிப்பது என்றால் கை போடும் தாளம் மாறாது. ஓர் அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு, ஒரு ஸ்வரம், இரண்டு, நான்கு என்று ஸ்வரங்கள்தான் நெருங்கும். அந்த நெருக்கத்தைத் தாங்கிக்கொண்டு தாளத்தை அசையாமல் பிடிப்பதில்தான் பயிற்சியே இருக்கிறது. உங்கள் செயலியில் காலத்தை மாற்றினால் தாளத் தட்டும் கூடவே வேகமாகிறது. அப்போது பிள்ளை கற்பது அவசரம் மட்டுமே. மூன்றும் நான்குமாகப் பிரியும் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவில் ஏழு தட்டும் ஒரே மாதிரி விழுகின்றன. மூன்றும் நான்கும் எங்கே பிரிகின்றன என்று கேட்பவருக்குப் புரிய வழியில்லை.

இதெல்லாம் கணினிக்குக் கடினம் என்பீர்கள். கடினம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முயன்றவர்கள் இருக்கிறார்கள். 1904இல் சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற இசை நூலை வெளியிட்டபோது, கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் வைத்து ஸ்வரங்களோடு அச்சிட்டார்கள். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு காகிதத்தில் காட்ட முடிந்ததை உங்கள் திரையில் காட்ட இடமில்லையா? அண்மைக் காலத்திலும், பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் ஆய்வுத் திட்டம் கர்நாடக இசையின் ஆதார சுருதி, ராகம், தாளம் ஆகியவற்றைக் கணினி கொண்டு ஆராய்ந்தது. சென்னை ஐஐடியினரும் அதில் பங்கேற்றார்கள். சுருதி அசையும் வடிவத்தையே ராகத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டு படித்த கட்டுரைகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. உங்கள் பொறியாளர்கள் அவற்றைப் பார்க்காமல் ஒரு சுருதிமானியை எடுத்து அதன்மேல் "கர்நாடக இசை" என்று எழுதியிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அது தவறான எண்ணமானால் மகிழ்ச்சியோடு திருத்திக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எங்கள் ஊரிலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் வழியில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. அங்கே செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் பாடங்கள்; படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் எளிய குடும்பத்தினர். உங்கள் கருவிப் பட்டியலில் உகுலேலே இருக்கிறது, நாகஸ்வரம் இல்லை, தவில் இல்லை. யாருக்குத்தான் இந்தச் செயலி வேண்டியிருக்கிறது? குரு பக்கத்துத் தெருவில் இருக்கும் பிள்ளைக்கா, வாரம் ஒருமுறை பேருந்து ஏறிப் பாடத்துக்கு வந்து மீதி நாளெல்லாம் தனியே ஊதிப் பார்க்கும் பிள்ளைக்கா? நாகஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழுதான். மற்ற நுணுக்கமெல்லாம் வாயில் வைத்து ஊதும் சீவாளியில் உதட்டையும் மூச்சையும் கூட்டிக் குறைப்பதில் பிறக்கிறது. அப்படிக் கற்கும் பிள்ளைக்குக் காதைத் தவிர வேறு துணை கிடையாது. துணை செய்வதாகச் சொல்லி வந்த நீங்கள் அவனைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. சேர்த்து, அவன் தோடிக்கும் சிவப்புப் போடுவதானால், சேர்க்காமலிருப்பதே மேல்.

கோபத்தில் நீட்டிவிட்டேன். செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதிலிருக்கும் தம்புரா எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவுகிறது. வீட்டில் சுருதிப்பெட்டி வாங்க முடியாதவர்கள் அதைப் போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். தாங்கள் வாசித்ததைப் பதிவு செய்து கேட்பதும் நல்ல பழக்கம். ஆனால் பதிவில் தம்புரா கேட்பதில்லை. பேச்சுக்காக வைத்த இரைச்சல் நீக்கி, சீராக ஒலிக்கும் தம்புராவையும் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்து அமுக்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். பதிவு செய்யும்போது அதை அணைத்துவைக்க ஒரு வழி செய்யுங்கள். வாசித்த பதிவைக் குருவுக்கு அனுப்பவும், குரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டுத் தன் குரலில் ஒரு வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பவும் வசதி செய்தால், நூறு பச்சை விளக்குகளைவிட அது பயன்படும். குரு வாசித்த காந்தாரத்தையும் பிள்ளை வாசித்த காந்தாரத்தையும் அடுத்தடுத்து ஒலிக்கவிடுங்கள். தீர்ப்பை அவர்கள் காதுக்கு விடுங்கள்.

அதுவரை அந்தச் சிவப்பை எடுத்துவிடுங்கள். கமகம் உள்ள ஸ்வரங்களுக்கு மதிப்பெண் வேண்டாம். அடுத்த பெரிய பதிப்புக்காகக் காத்திருக்கவேண்டிய வேலை இது இல்லை என்று நினைக்கிறேன். ராகத்தின் பெயரைப் பார்த்து மதிப்பெண்ணை மறைத்தால் போதும். தோடி, பைரவி, சாவேரி, கரஹரப்ரியா என்று தொடங்கலாம். பட்டியல் வேண்டுமானால் இங்குள்ள ஆசிரியர்கள் சேர்ந்து எழுதித் தருகிறோம், காசு வேண்டாம். உங்களில் யாராவது ஒருவர் கும்பகோணம் வந்து ஒரு மாலை வகுப்பில் உட்கார்ந்து கேட்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. சனி, ஞாயிறுகளில் பிள்ளைகள் எல்லோரும் இருப்பார்கள்.

அந்தப் பெண்ணுக்குக் காந்தாரத்தை மறுபடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். வர்ணம் முடியும்வரை செயலியைத் திறக்கவேண்டாம் என்று அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். எல்லா வீட்டிலும் போய் அப்படிச் சொல்ல என்னால் ஆகாது. நீங்கள் மனம் வைத்தால் ஒரே நாளில் ஆகும். தயவுசெய்து செய்யுங்கள். இந்த முறை தானியங்கிப் பதில் வேண்டாம், உங்களில் ஒருவர் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு வயலின் ஆசிரியை