கஞ்சமலை, வெள்ளைக்கல், சேர்வராயன் உச்சி

சேலம்

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு தெருமுனை வரை நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிம்மதியானது. படியேறுவதில் மட்டும் அவசரப்படாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டாள். வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான்.

உன் பேத்தி நிலவியல் படிப்பில் சேர்ந்திருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அவளுக்கு முதலில் எந்த மலையைக் காட்டலாம் என்று கேட்டிருக்கிறாய். வேறெங்கும் தேட வேண்டாம், சேலத்துக்கே கூட்டி வா. நாம் படித்த காலத்தில் திரிந்த அதே மலைகள்தான். ஆனால் இந்த வயதில் பார்க்கும்போது வேறு மாதிரி தெரிகின்றன. எனக்கு அவற்றைப் பற்றி ஒரு கவலையும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கஞ்சமலைக்குப் போவோம். சித்தர் கோவில் பக்கம் நல்ல மழை பெய்து வடிந்த பிறகு ஓடைத் தடத்தில் கருமணல் கோடு கோடாகப் படிந்து கிடக்கும். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் தாவி ஒட்டிக்கொள்ளும். மேலே மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுவும் குவார்ட்சும் பட்டை பட்டையாக மாறி மாறி அமைந்த பாறை இருக்கிறதே, அது உடைந்து அரித்து இறங்கியதுதான் இந்த மணல். அந்தக் காலத்து இரும்பு உருக்குபவர்கள் இதை அலசியெடுத்து, மரக்கரியோடு சேர்த்து மண் உலையில் இட்டு இரும்பு எடுத்தார்கள். அதைப் பார்த்த ஆங்கிலேயர் ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கும்பினி வேலையை விட்டுவிட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய உலை வைத்தார். நம்பியது சேலத்துத் தாதுவை. எரித்தது மரக்கரி. உலைக்குப் போதுமான கரி தேடி மாளவில்லை, ஆலையும் நிலைக்கவில்லை. தாது மலையளவு இருந்தும் காடு தாங்கவில்லை என்பதை உன் பேத்திக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாடப்புத்தகம் தாதுவின் கணக்கை மட்டும்தான் சொல்லும்.

அதே மலையின் அடிவாரத்தில்தான் 1970இல் இந்திரா காந்தி உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். கஞ்சமலைத் தாதுவையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் வைத்து இரும்பு எடுக்கலாம் என்பது ஆரம்ப யோசனை. 1981இல் ஓடத் தொடங்கியதோ வெளியிலிருந்து வரும் சுருளை எவர்சில்வர் தகடாக உருட்டும் ஆலை. மலை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. இந்தத் தாதுவில் இரும்பு சுமார் 35 சதவீதம்தான். மாவாக அரைத்து இரும்பைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற தூளை எந்த ஊர் வயலில் கொட்டுவது?

வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட் பற்றி உனக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆழத்திலிருந்து மேலேறி வந்த டியூனைட் பாறையின் வெடிப்புகளில் கரியமில வாயு கலந்த நீர் புகுந்து, மக்னீசியத்தைக் கரைத்து, வெள்ளை நரம்பு நரம்பாகப் படிய வைத்தது. உலைச் சுவர்களுக்கான செங்கல் அதிலிருந்து வருகிறது. மேக்னசைட் சந்திப்பு ரயில் நிலையத்தில் இறங்கி நின்றாலே கழிவு மேடுகள் தெரியும். தோண்டியதில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது.

சரி, இப்போது ஏற்காட்டுச் சேர்வராயன் மலைக்கு வருகிறேன். மலை முழுக்கச் சார்னக்கைட். பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான பாறை, வயது சுமார் 250 கோடி ஆண்டு. ஆனால் 1,600 மீட்டருக்கு மேலே, கோவில் இருக்கும் உச்சிக்குப் போனால் அந்த நீலச் சாம்பல் பாறையைக் காணோம். திடல் போலத் தட்டையாக, செம்மண் நிறத்தில், துளைகள் நிறைந்த கல். அதுதான் அலுமினியத் தாதுவான பாக்சைட். தட்டையான இடத்தில் மழைநீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்கி, சிலிக்காவையும் சோடியம், பொட்டாசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. அலுமினியமும் இரும்பும் கரையாமல் தங்கின. சில மீட்டர் கனம் சேர லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கும்.

என் கவலை இங்கேதான். நீரை உள்ளே விட்ட அதே துளைகள் இன்றும் மழையைக் குடிக்கின்றன. குடித்த நீர் கீழே களிமண்ணும் கெட்டிப் பாறையும் தடுக்கும் இடம் வரை இறங்கி, சரிவில் ஊற்றாக வெளியே வருகிறது. சரிவிலும் பள்ளத்திலும் இருக்கும் மலையாளிப் பழங்குடி ஊர்களுக்கு அந்த ஊற்றுதான் கோடையைக் கடத்துவது. ஆக, தாது வேறு, நீர்த்தொட்டி வேறு இல்லை. இரண்டும் ஒரே கல். மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்கேயும் கொல்லிமலையிலும் 2008 வரை அதைத்தான் வெட்டியெடுத்தார்கள். வெட்டிய இடத்தில் மரம் நடலாம், நட வேண்டும். ஆனால் அந்தத் துளைக்கல்லைத் திரும்பச் செய்ய யாராலும் முடியாது. ஒடிசாவின் நியம்கிரியிலும் இதே பாக்சைட் உச்சிதான். அங்கே சுரங்கம் தோண்டலாமா என்று கிராமசபைகளைக் கேட்கச் சொல்லி 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கேட்கப்பட்ட 12 சபைகளும் வேண்டாம் என்றன. அவர்கள் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னதாகச் சிலர் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஊற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் சொன்ன பதில் அது.

அப்புறம், உன்னிடம் ஒரு உதவி வேண்டும். நெய்வேலியில் அடியிலிருந்து பொங்கும் நீரை இராப்பகலாக இறைத்துக்கொண்டே சுரங்கம் நடத்தியவன் நீ. நீர்மட்டம் அளப்பது உனக்குக் கைவந்த கலை. ஏற்காட்டுப் பக்கம் இரண்டு ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊற்றுகளை மாதாமாதம் அளந்து எழுதி வைக்கத் தயாராக இருக்கிறார்கள். குடம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அது போதுமா, மழைமானியும் கூடவே வைக்க வேண்டுமா, எந்த மாதத்தில் தொடங்கினால் நல்லது என்று எழுது. தை பிறந்ததும் பேத்தியோடு வா. காரில் கோவில் அருகே வரை போய்விடலாம், உன் முழங்காலுக்குச் சிரமம் இருக்காது.

அன்புடன்,
மாணிக்கம்