மதுரையிலிருந்து குவைத்துக்கு விமானம் விடுங்கள்: விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சக அதிகாரிகளுக்கு, ராமநாதபுரம் மாவட்டம் கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து குவைத்துக்கு வான்வழியில் ஏறக்குறைய 3,780 கிலோமீட்டர். மதுரையிலிருந்து போனாலும் 3,800 தான். சென்னை வடக்கே இருந்தாலும் மதுரையைவிடக் கிழக்கே தள்ளி இருப்பதால் இப்படி, ரெண்டு ஊரிலிருந்தும் பறக்கும் நேரம் ஐந்து மணிக்கு முன்னே பின்னே வரும். ஆனால் மேற்கே வளைகுடாவுக்கு வேலைக்குப் போக வேண்டிய எங்கள் ஆட்கள் ராத்திரி முழுக்க பஸ்ஸில் வடகிழக்கே 500 கிலோமீட்டருக்கு மேல் போய், மீனம்பாக்கத்தில் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்து, அப்புறம்தான் விமானம் ஏறுகிறார்கள். மதுரை விமான நிலையமோ இங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரம். திருச்சி இருக்கிறதே என்பீர்கள். சரி, இருக்கிறது, அதற்கும் நாலு மணி நேரம் ஆகும், எல்லா நாட்டுக்கும் எல்லா நாளும் அங்கே விமானம் இல்லை.

போகும்போது படுகிற பாட்டையாவது பொறுத்துக்கொள்ளலாம். அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கி, தொதல் என்ற எங்கள் ஊர் இனிப்பை எண்ணெய் கசியாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சுற்றி உள்ளே வைத்து, துஆ செய்து அனுப்பிவிடுவோம். மவுத்துச் செய்தி, அதாவது சாவுச் செய்தி கேட்டு ஓடி வருவதுதான் தாங்க முடியாதது. நாங்கள் ஜனாஸாவை, இறந்தவர் உடலை, நெடுநேரம் வைத்திருக்க மாட்டோம். விடிகாலை சுபுஹு தொழுகை நேரத்தில் வாப்பா போய்விட்டார் என்று குவைத்திலிருக்கும் மகனுக்குப் போன் போனால், மதுரைக்கு நேரடி விமானம் கிடைத்தால் ராத்திரிக்குள் வந்து மண் போட்டுவிடுவான். இப்போது சென்னையில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து, பரனூர் டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போது வாட்ஸ்அப் வீடியோவில் வாப்பா முகத்தைப் பார்க்கிறான். அப்படிப் பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இது கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஊர்களின் சபுராளிகள், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர்களின் பிரச்சினை மட்டுமில்லை. குவைத், பஹ்ரைன், சவூதி என்று ஒப்பந்தத்தில் கடல் தொழிலுக்குப் போகும் மீனவர்களும் இதே கரையிலிருந்துதான் கிளம்புகிறார்கள்.

மதுரைக்கு 2012-இல் கொழும்பு விமானம் வந்துவிட்டது. சுங்கம், குடியேற்றச் சோதனை எல்லாம் அங்கே நடக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் இங்கே வந்து இறங்க, இரு நாட்டு விமான ஒப்பந்தத்தில் அந்த ஊர்ப் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெயரை எழுதுவது உங்கள் கையில் இருக்கிறது. வளைகுடா நாடுகளோடு அடுத்து பேசும்போது மதுரையைச் சேருங்கள். நம் நாட்டு நிறுவனங்களுக்கு அந்தத் தடையும் இல்லை, அவர்களை நீங்களே கூப்பிட்டுப் பேசலாம். ராமேசுவரத்தில் விமான நிலையம் என்று மாநில அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது, அது வரும்போது வரட்டும், அதைக் காட்டி இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

தினமும் கேட்கவில்லை. வாரம் இரண்டு விமானம் போதும், அதில் ஒன்று வியாழன் ராத்திரி குவைத்திலிருந்து புறப்படட்டும். அங்கே வெள்ளியும் சனியும்தான் விடுமுறை.