மத்தேராவிலிருந்து பாப்பாவுக்கு

பாப்பா,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால்தான் படுத்துகிறது. இந்த மத்தேரா ஊரே படிக்கட்டு. பாரியிலிருந்து சின்ன ரயிலில் சித்தப்பா கூட்டி வந்தார். இத்தாலிக்கு வருகிறவர்கள் ரோம், வெனிஸ் என்று ஓடுகிறார்கள், இந்த பசிலிக்காட்டா பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் குரலே சரியில்லை என்கிறாள் அம்மா.

பள்ளத்தாக்கின் ஓரத்தில் பாறையைக் குடைந்து குடைந்து வீடுகள். ஒருவர் வீட்டுக் கூரை, மேல்வீட்டாருக்குத் தெரு. சதுக்கத்துக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, 50 லட்சம் லிட்டர் பிடிக்குமாம். ஓட்டுத்தூள் சாந்து பூசிக் கசியாமல் வைத்திருக்கிறார்கள். நீ படித்த படிப்புக்கு இதை நீதான் எனக்கு விளக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வாரம்கூடப் பேசாமல் இருந்ததில்லை நீ.

ஒரு வீட்டை மட்டும் பழையபடி வைத்திருக்கிறார்கள். ஒரே அறை. உள்கோடியில் கோவேறு கழுதைக்கு இடம். கைக்குழந்தையை அலமாரி இழுப்பறையில் படுக்கவைப்பார்களாம். அம்மா அந்த இழுப்பறையை விட்டு நகரவே இல்லை.

நாட்டுக்கே அவமானம் என்று சொல்லி 1952-இல் சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரைப் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றினார்களாம். இருட்டு, ஈரம், மலேரியா, மாற்றியது சரிதான். ஆனால் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அந்தச் சொல்லையும் சுமந்துகொண்டுதானே போயிருப்பார்கள்? 1993-இல் அதே குகைகள் உலகப் பாரம்பரியச் சின்னம்.

அவமானம் என்று சித்தப்பா மொழிபெயர்த்துச் சொன்னபோது எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. "அப்பா, கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்து இருக்கட்டுமா" என்று நீ கேட்டாய். "நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்றேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். தப்பு என்னுடையது, பாப்பா. அம்மாவிடம் இதை இன்னும் நான் சொல்லவில்லை.

சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

முன்பெல்லாம் இங்கே ஊர்ப் பொது அடுப்பில்தான் ரொட்டி சுடுவார்கள். எது எந்த வீட்டு ரொட்டி என்று தெரிய, மாவில் மர முத்திரை குத்தி அனுப்புவார்களாம். ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அளவு, பிடியில் கோழி செதுக்கியிருக்கிறது. என்ன எழுத்து என்று கடைக்காரர் கேட்டார். உன் எழுத்தைச் சொன்னேன். மாப்பிள்ளையுடையதும் சேர்க்கவா என்றார் சித்தப்பா. வேண்டாம் என்றேன்.

19-ஆம் தேதி ஊர் திரும்புகிறோம். மாடி அறைச் சாவி அதே இடத்தில்தான் இருக்கிறது.

அப்பா